இந்தக் குண்டு எங்கே போய் நிற்கும்? - வீட்டிலேயே தோட்டா தயாரிக்கும் அமெரிக்கர்கள் கேட்க வேண்டிய கேள்வி

செய்தித்தாள் படிப்பவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் அடிக்கடி பார்த்திருப்பார்கள். 'காரிலிருந்து கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் பறிமுதல்' என்பது ஒன்று. 'அறுவை சிகிச்சை செய்து உடலில் பாய்ந்திருந்த குண்டை டாக்டர்கள் அகற்றினர்' என்பது இன்னொன்று. பேச்சில் நாம் தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகப் புழங்கினாலும், செய்தியில் எழுதுவது சரியாகவே இருக்கிறது. துப்பாக்கிக்குள் போடுவது தோட்டா. அதிலிருந்து வெளியே பறந்து போவது குண்டு.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. வெளியே பித்தளைக் கூடு. அதன் அடியில் பொட்டு வைத்த மாதிரி பிரைமர். துப்பாக்கியின் ஊசி வந்து தட்டியதும் தீப்பொறி கொடுப்பது இதுதான். கூட்டுக்குள் வெடிமருந்து. வாய்ப்பக்கத்தில் செருகியிருப்பது குண்டு. சுட்ட பிறகு பிரைமரும் மருந்தும் தீர்ந்துவிடும், குண்டு போய்விடும். விலை அதிகமான பித்தளைக் கூடு மட்டும் கீழே விழுந்து கிடக்கும்.

அந்தக் கூட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்து, பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, புதிது வைத்து, மருந்து நிரப்பி, புதுக் குண்டு செருகித் திரும்பவும் தோட்டாவாக்குவதற்கு 'ஹேண்ட்லோடிங்' என்று பெயர். அமெரிக்காவில் ஏராளமானோர் தங்கள் வீட்டு கராஜில் ஒரு மேஜையைப் போட்டு இதைச் செய்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால் 1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி லைசென்ஸ் கட்டாயம். இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது கடுமையான சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

செலவு மிச்சம் என்றுதான் பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். ஆனால், உட்கார்ந்த முதல் நாளே ஒரு கேள்வி வந்து நிற்கும். கடையில் ரகம் ரகமாகக் குண்டுகள் இருக்கின்றன. எதை வாங்குவது?

லாண்டரியின் பின்னறையில்...

முன்பு இந்தக் குழப்பமே இருந்ததில்லை, கிடைத்ததை வாங்க வேண்டியதுதான். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது தொழிற்சாலைகள் எல்லாம் ராணுவத்துக்கே உழைத்ததால், வேட்டைக்காரர்களுக்கும் போட்டியாளர்களுக்கும் குண்டே கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் என்பவர், தன் குடும்பத்தின் லாண்டரிக் கடை பின்னறையில் குண்டு அழுத்தும் அச்சுகளைச் செய்ய ஆரம்பித்தார். 1943-ல் அப்படித் தொடங்கியதுதான் ஆர்.சி.பி.எஸ். நிறுவனம். அந்த நான்கு எழுத்துகளின் விரிவு 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்'. 'ராக் சக்' என்பது பாறைகளில் வாழும் ஒரு வகைப் பெரிய அணில். அதைச் சுடுவதற்கான குண்டு அச்சு என்று அர்த்தம்!

அதே காலத்தில் வெர்னான் ஸ்பியர், ஜாய்ஸ் ஹார்னடி இருவரும் சுட்டுப் போட்ட சிறிய தோட்டாக் கூடுகளைச் சேகரித்து, அவற்றையே குண்டுக்கு மேலுறையாக மாற்றினார்கள். ஹார்னடி 1949-ல் நெப்ராஸ்கா மாநிலத்தில் தனியாகத் தொடங்கிய கம்பெனி இன்றும் குண்டு விற்கிறது. பற்றாக்குறையில் பிறந்த தொழில், இன்று தேர்ந்தெடுக்கத் திணறும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

முதல் பொருத்தம்: விட்டம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் என்றால், குண்டுக்கு முதல் பொருத்தம் விட்டம். துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் திருகு மரை போல வரிப்பள்ளங்கள் ஓடும். குண்டு அவற்றைக் கவ்விக்கொண்டு சுழன்றபடியே வெளியேறும். பம்பரம் சுற்றினால்தான் நிற்கும். குண்டும் சுழன்றால்தான் நேராகப் போகும்.

விட்டம் குறைந்தால் குண்டு பள்ளத்தைக் கவ்வாது. சூடான வாயு பக்கவாட்டில் நுழைந்து, ஈயத்தை உருக்கிக் குழலுக்குள் அப்பிவிடும். குண்டு குட்டிக்கரணம் போட்டுப் போய், அட்டையில் படுக்கைவாட்டில் மோதும். விட்டம் கூடினால் குழலுக்குள் நெரிந்து அழுத்தம் எகிறும். ஆகவே உறையிட்ட குண்டைவிட வெறும் ஈயக் குண்டை வழக்கமாக அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் பெரிதாகச் செய்வார்கள். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான வித்தியாசம் இது.

பெயரை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். 'பாயின்ட் 38 ஸ்பெஷல்' தோட்டாவின் உறையிட்ட குண்டு உண்மையில் 0.38 அங்குலம் கிடையாது, 0.357 அங்குலம். '9 மி.மீ.' என்ற பெயரில் இரண்டு தோட்டாக்கள் புழக்கத்தில் உள்ளன. ஜெர்மனியில் பிறந்த 9 மி.மீ. லூகரின் குண்டு 9.02 மி.மீ.; ரஷ்யாவின் 9 மி.மீ. மகரோவ் குண்டு 9.27 மி.மீ. பெயர் ஒன்று, உடம்பு வேறு. எனவே பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்ததோடு நிற்காமல், வெர்னியர் வைத்து அளந்தும் பார்க்க வேண்டும்.

எடை: குண்டுமணிக் கணக்கு

குண்டின் எடையை அமெரிக்கர்கள் கிராமில் சொல்வதில்லை, 'கிரெயின்' என்பார்கள். ஒரு பார்லி மணியின் எடையிலிருந்து வந்த பழைய அளவு அது. நம் ஊரில் தங்கத்துக்குக் குண்டுமணி வைத்து நிறுத்த மாதிரிதான். ஒரு குண்டுமணி ஏறக்குறைய 2 கிரெயின். ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின்.

9 மி.மீ. துப்பாக்கிக்கு 115, 124, 147 கிரெயின் ஆகிய மூன்றும்தான் அதிகம் விற்பவை. கிராம் கணக்கில் சுமார் 7.5, 8, 9.5. பழைய ராணுவத் துப்பாக்கியான பாயின்ட் 45-க்கு 230 கிரெயின், அதாவது கிட்டத்தட்ட 15 கிராம்.

கனமான குண்டு என்றால் கை அதிகமாக உதைக்கும் என்று நினைக்கத் தோன்றும். போட்டியாளர்களின் அனுபவம் அப்படி இல்லை. அமெரிக்காவின் யு.எஸ்.பி.எஸ்.ஏ. போட்டிகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். குண்டின் எடையை, நொடிக்கு எத்தனை அடி வேகம் என்பதால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால், விடை குறைந்தது 125 வர வேண்டும். 115 கிரெயின் குண்டு 1,150 அடி வேகத்தில் போனாலும் விடை சுமார் 132. 147 கிரெயின் குண்டு 900 அடி வேகத்தில் போனாலும் அதே 132. ஆனால், முன்னது ஒலியைவிட வேகமாகப் பாய்ந்து 'படீர்' என்று கையை உதறும். பின்னது மெதுவாகத் தள்ளுவது போல இருக்கும். அடுத்த குறிக்குத் துப்பாக்கியைச் சட்டென்று திருப்ப வசதி என்று பலர் கனமானதைத்தான் எடுக்கிறார்கள்.

அரிசி மாறினால் தண்ணீர் மாறும்

ஆபத்து ஆரம்பிப்பதும் இங்கேதான். பச்சரிசிக்கு வைக்கும் தண்ணீரைப் புழுங்கலரிசிக்கு வைத்தால் சோறு என்ன ஆகும் என்று எந்த வீட்டிலும் சொல்வார்கள். குண்டை மாற்றிவிட்டு மருந்தளவைப் பழையபடியே வைப்பதும் அதே தவறுதான். சோறு குழைந்தால் தயிர் ஊற்றிச் சாப்பிட்டுவிடலாம். இங்கே கையில் இருக்கும் துப்பாக்கியே வெடிக்கலாம்.

கார் டயருக்குச் சாதாரணமாக 32 அளவில் காற்று அடிக்கிறோம். அதே அளவையில், 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் தர அமைப்பு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 35,000. டயரைப் போல ஆயிரம் மடங்கு! இந்த அழுத்தம் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, இரு கைகளுக்கு நடுவே உருவாகிறது.

கூடு சிறியது. குண்டு நீளமாக இருந்தால் கூட்டுக்குள் ஆழமாக இறங்கி, மருந்து எரிவதற்கான இடத்தைக் குறைத்துவிடும். இடம் கொஞ்சம் குறைந்தாலும் அழுத்தம் வேகமாக ஏறும். ஆகவே எடை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. நீளம், வடிவம், உலோகம், எவ்வளவு ஆழம் செருகுவது என்று எல்லாமே கணக்கு. லைமன், ஹார்னடி, ஸ்பியர் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு குண்டுக்கும் சோதித்த அளவுகளைத் தடித்த புத்தகங்களாகப் போடுகின்றன. அவற்றில் எந்தக் குண்டு குறிப்பிடப்பட்டிருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அந்த அளவு. அதிலும் குறைந்த அளவில் ஆரம்பித்துப் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். உச்ச அளவில் தொடங்கவே கூடாது.

மருந்து குறைந்தாலும் வினைதான். குண்டு குழலைத் தாண்டாமல் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். 'டப்' என்று மெலிதாகச் சத்தம் வந்ததைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால், முன்னே அடைத்துக்கொண்டிருக்கும் குண்டில் மோதிக் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். சத்தம் வித்தியாசமாகக் கேட்டால் உடனே நிறுத்திவிட்டுக் குழலைச் சோதிப்பது ஒவ்வொருவரும் கற்க வேண்டிய பாடம்.

காகிதமா, இரும்பா, மனிதனா?

விட்டமும் எடையும் துப்பாக்கிக்கான பொருத்தம். வடிவம், போய்ச் சேரும் இடத்துக்கான பொருத்தம்.

காகித அட்டையைச் சுடுபவர்களுக்கு 'வாட்கட்டர்' என்று ஒரு குண்டு உண்டு. மூக்கே இல்லாமல் சாக்பீஸ் துண்டு மாதிரி முகம் தட்டையாக இருக்கும். கூர்மையான அல்லது உருண்டையான குண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டுப் போகும். இது பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக ஓட்டை போடும். ஓட்டையின் விளிம்பு உள்வட்டக் கோட்டைத் தொட்டாலே கூடுதல் புள்ளி என்பதால், சுத்தமான ஓட்டை முக்கியம். சர்வதேச 25 மீட்டர் 'சென்டர் ஃபயர்' பிஸ்டல் பிரிவில் பெரும்பாலோர் சுடுவது பாயின்ட் 32 வாட்கட்டர் தோட்டாதான். 1994 ஹிரோஷிமா, 2006 தோஹா ஆசியப் போட்டிகளில் ஜஸ்பால் ராணா இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பிரிவு இது. பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்ற மனு பாக்கரின் பயிற்சியாளரும் அவரே.

ஆனால், தட்டை முகக் குண்டு எல்லாத் துப்பாக்கிக்கும் ஆகாது. ரிவால்வரில் தோட்டாவைக் கையால் அறைக்குள் வைக்கிறோம். முகம் எப்படி இருந்தாலும் பிரச்னையில்லை. மேகசினிலிருந்து தானாக ஏறும் பிஸ்டலில், தோட்டா ஒரு சரிவில் வழுக்கி மேலேற வேண்டும். அதற்கு உருண்டை மூக்குதான் தோது.

இரும்புப் பலகையைச் சுடும் போட்டிகளில் இன்னொரு கவலை. குண்டின் செம்பு உறை சிதறிச் சுடுபவர் பக்கமே திரும்பி வரலாம். கௌபாய் உடையணிந்து சுடும் 'சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி' போட்டிகளில் உறையிட்ட குண்டுக்கு அனுமதி இல்லை. ஈயக் குண்டு மட்டும்தான். ரிவால்வர் குண்டின் வேகமும் நொடிக்கு 1,000 அடியைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது வகை, முனையில் குழி உள்ள 'ஹாலோ பாயின்ட்'. உடலில் பட்டதும் பூப்போல விரியும். விரியும் குண்டுகளின் கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1890-களில் கொல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில், முனையில் ஈயம் வெளியே தெரியும்படி செய்த குண்டுகளால் 'டம்டம் புல்லட்' என்ற பெயரே உலகமெங்கும் பரவியது. 1899 ஹேக் மாநாட்டின் பிரகடனம் போரில் விரியும் குண்டுகளைத் தடை செய்தது. அமெரிக்கப் போலீஸார் மட்டும் ஹாலோ பாயின்ட்டையே பயன்படுத்துகிறார்கள். விரியாத குண்டு ஒருவரைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்கும் அப்பாவி மேல் பாயலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில், கையால் செய்ததைப் போடாமல் தொழிற்சாலைத் தோட்டாவையே போடுங்கள் என்று அறிவுரை சொல்லும் பயிற்சியாளர்களும் அங்கே நிறைய உண்டு.

ரசத்துக்கு வெள்ளீயம், குண்டுக்குக் காரீயம்

அடுத்தது உலோகம். ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வீடுகளில் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தச் சொம்பு வெள்ளீயம். துப்பாக்கிக் குண்டு காரீயம். பெயரில்தான் உறவு, உடலுக்குச் செய்வதில் பெரிய வித்தியாசம். காரீயம் விஷம்.

கெட்டிப்படுத்துவதற்காகக் காரீயத்தோடு கொஞ்சம் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து குண்டு வார்க்கிறார்கள். காரீயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், சிலர் வீட்டிலேயே உருக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தால்கூட, அது நொடியில் ஆவியாகி ஈயத்தை வெளியே வாரி இறைக்கும். வெறும் ஈயக் குண்டு விலை மலிவு. மெல்லிய செம்பு முலாம் பூசியது, பாலிமர் பூச்சு கொடுத்தது, முழுச் செம்பு உறை போட்டது என்று மேலே போகப் போக விலை ஏறும். கைக்கு ஒட்டும் ஈயமும் சுடும்போது எழும் ஈயப்புகையும் அதற்கேற்பக் குறையும்.

விஷயம் குண்டோடு முடிவதில்லை. சாதாரண பிரைமரில் 'லெட் ஸ்டிஃப்னேட்' என்ற ஈயக் கலவை இருக்கிறது. அதன் சாம்பல் பித்தளைக் கூட்டுக்குள் படிந்திருக்கும். கூடுகளைச் சோளத்தக்கைத் தூளோடு சேர்த்து மெஷினில் உருட்டிச் சுத்தம் செய்யும்போது, அந்தத் தூசி காற்றில் கலக்கும். அப்பா கராஜில் வேலை பார்த்துவிட்டு அதே சட்டையோடு ஹாலுக்கு வருவார். தவழும் குழந்தை தரையில் கை வைத்து, கையை வாயில் வைக்கும்.

குழந்தையின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கண்டறியப்படவில்லை. மூளை வளர்ச்சி, கவனம், படிப்பு எல்லாவற்றையும் அது பாதிக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், குழந்தைகளுக்குக் கவலைப்பட வேண்டிய அளவை 2021-ல் இன்னும் இறக்கியது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம். அதற்கு முன் 5 ஆக இருந்தது.

அதனால்தான் அனுபவசாலிகள் சில விதிகளை விடாமல் கடைப்பிடிக்கிறார்கள். வேலை மேஜையில் காபி, நொறுக்குத்தீனி கிடையாது. கூடுகளைத் தண்ணீரில் போட்டே சுத்தம் செய்வார்கள், தூசி பறக்காது. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பார்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவைப்பார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தூக்குவார்கள். அடிக்கடி சுடுபவர்கள் ரத்தத்தில் ஈய அளவையும் சோதித்துக்கொள்வார்கள்.

காண்டருக்கு வந்த ஆபத்து

குண்டு விழுந்த இடத்திலும் ஈயம் சும்மா இருப்பதில்லை. கலிஃபோர்னியா காண்டர், இறந்த விலங்குகளைத் தின்று வாழும் மிகப் பெரிய பறவை. சிறகு விரித்தால் கிட்டத்தட்ட 3 மீட்டர். 1982-ல் உலகிலேயே 22 மட்டும் மிஞ்சியிருந்தன. கூண்டில் வளர்த்துப் பெருக்கித் திரும்பக் காட்டில் விட்டார்கள். விட்ட பறவைகளை அதிகம் கொன்றது, வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற மாமிசத்தில் கிடந்த ஈயத் துணுக்குகள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்தது போன்ற கதைதான்.

கலிஃபோர்னியா 2013-ல் சட்டம் இயற்றியது. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. காண்டர்களின் எண்ணிக்கை இன்று 500-ஐத் தாண்டியிருக்கிறது.

ஈயத்துக்குப் பதிலாக முழுச் செம்புக் குண்டுக்கு மாறியவர்கள், பழைய சமையல் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. செம்பு ஈயத்தைவிட லேசு. அதே எடை வேண்டுமானால் குண்டின் பருமன் கால் பங்குக்கும் மேல் கூடும். விட்டத்தைக் கூட்ட முடியாது என்பதால் நீளம்தான் கூடும். நீளம் கூடினால் கூட்டுக்குள் இடம் குறையும், அழுத்தம் ஏறும். எனவே ஈயக் குண்டுக்கான மருந்தளவு செம்புக் குண்டுக்கு ஆகவே ஆகாது. அதற்கென்று அச்சிட்ட தனிக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகள்

1. எதைச் சுடப்போகிறோம்? காகிதமா, இரும்பா, வேட்டையா? வடிவத்தை முடிவு செய்வது இதுதான்.

2. குழலின் அளவு என்ன? பெயரை நம்பாமல் அளந்து பார்த்தாயிற்றா?

3. ரிவால்வரா, தானாகத் தோட்டா ஏறும் பிஸ்டலா? இந்த மூக்கு அதில் சிக்காமல் ஏறுமா?

4. இதே குண்டுக்குச் சோதித்து அச்சிட்ட மருந்தளவு கையில் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் குண்டு வேண்டாம்.

5. வீட்டில் சின்னப் பிள்ளைகளோ கர்ப்பிணியோ இருக்கிறார்களா? அப்படியானால் வெறும் ஈயத்தைத் தவிர்த்து, உறையிட்டதற்கோ செம்புக்கோ மாறலாமா?

புதிதாகத் தொடங்குபவர்கள் விலையையும் துல்லியத்தையும் மட்டும் பார்த்துவிட்டு, ஐந்தாவது கேள்வியைக் கேட்காமலேயே விட்டுவிடுவார்கள். நெடுநாள் செய்தவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். குண்டு போய்ச் சேரும் இடம் 25 மீட்டர் தள்ளியிருக்கும் அட்டை மட்டும் இல்லை; அதன் தூசி வந்து சேரும் இடம் வீட்டுக் கூடம் என்பது அவர்களுக்குத் தெரியும்.